100 வோல்ட் காப்பி மெஷினும் இரண்டாகப் பிரிந்த ஜப்பானும்

முப்பத்து நாலு வருடம் மின்சாரத்தோடு குப்பை கொட்டியவன், ரிடையர் ஆனபிறகு சொந்த வீட்டு அடுப்பங்கரையில் ஒரு சின்ன மெஷினைப் புகைய விட்டேன் என்று எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் புகைதான் என்னை ஜப்பானின் மின்சாரச் சரித்திரத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது. அதனால் அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2019 டிசம்பரில் ஒசாக்காவிலிருந்து லீவில் வந்த மகள், துணிமணிகளுக்கு நடுவே சுற்றி ஒரு காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினைக் கொண்டுவந்தாள். ஐந்து கிலோவுக்குக் குறையாது. மேலே கொட்டை போடும் கூடு, முன்னால் எண்கள் போட்ட ஒரு திருகு, கீழே தூள் விழ ஒரு தகர டப்பா. உள்ளே மிக்ஸி மாதிரி கத்தி கிடையாது. முகத்தில் பல் வெட்டிய இரண்டு எஃகு வட்டுகள், ஒன்று அசையாமல் நிற்க மற்றொன்று அதன் எதிரே சுற்றுகிறது. திருகைத் திருப்பினால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி கூடும், குறையும். எந்திரக்கல்லைப் படுக்கையிலிருந்து எழுப்பி நிறுத்தின மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் என் அம்மா காலத்தில் பலகையில் திருகி வைத்த கை மெஷின் ஒன்று இருந்தது. அதற்குள்ளும் இதே சங்கதிதான், கையால் சுற்றவேண்டும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

மகள் ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை. கடையில் பீபெரி வறுத்து, அரைக்காமல் கொட்டையாகவே வாங்கி வைத்திருந்தேன். மெஷினின் பிளக் இரண்டு தட்டைக் கால்கள் கொண்டது, நம் சுவரில் போகாது. மகள் தன் லேப்டாப்புக்கு வைத்திருந்த மாற்று பிளக் மேஜையில் கிடந்தது. அதில் செருகி சுவிட்சைப் போட்டேன். மெஷின் ஓடவில்லை, அலறியது. நாலைந்து விநாடிதான். டப்பென்று ஒரு சத்தம், பிறகு வார்னிஷ் கருகும் அந்த வாசனை. அதை நான் எத்தனை மோட்டார்களில் முகர்ந்திருக்கிறேன்! அடுப்பங்கரைக்கு ஓடி வந்த என் மனைவி, “என்னங்க, காப்பி வாசனை இப்படியா இருக்கும்?” என்று கேட்டாள்.

மெஷினைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த தகட்டில் தெளிவாகவே போட்டிருந்தது: 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வரை எதையும் தின்று செரிக்கும், அதற்கு பிளக்கின் வடிவம் மாறினால் போதும். இந்த மெஷினுக்கு அப்படி இல்லை. கால் வடிவத்தை மாற்றும் சாமானை வோல்டேஜை மாற்றும் சாமான் என்று நினைத்து ஏமாறாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

பாலக்கரையில் மோட்டார் காயில் கட்டும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். பிரித்துப் பார்த்துவிட்டு, “கண்டென்சர் வெடிச்சிருக்கு, உள்ள இருக்கிற ஃப்யூஸ் போயிருக்கு. காயில் தப்பிச்சிருச்சு சார், உங்க நல்ல நேரம்” என்றார். பிறகு ஒரு யோசனையும் சொன்னார். “இதை ஏன் சார் 100-லயே வெச்சுக்கிட்டுக் கஷ்டப்படணும்? காயிலை அவுத்துட்டு, மெல்லிசுக் கம்பியில சுத்தைக் கூட்டி 230-க்கே கட்டித் தந்துடறேன். இல்லன்னா நடுவுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வைக்கணும். ரெண்டுல எது வேணும்?” யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கிளம்பும்போது அவர் கேட்டதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. “அது சரி சார், உலகத்துல அவ்வளவு பெரிய மெஷின் எல்லாம் செய்யறவங்க, 100 வோல்ட்லயே ஏன் உக்காந்திருக்காங்க? அதென்ன 50-ன்னும் போட்டு 60-ன்னும் போட்டிருக்கு?”

பாதி பதில் எனக்குத் தெரியும், மீதியைத் தேடிப் படித்தேன். இரண்டு வாரம் போயிற்று.

ஜப்பானில் மார்ச் 25-ஐ மின்சார நாள் என்று கொண்டாடுகிறார்கள். 1878-ல் அந்தத் தேதியில் டோக்கியோவில் மத்தியத் தந்தி அலுவலகம் திறந்ததை ஒட்டி நடந்த விருந்தில், பொறியியல் கல்லூரி மண்டபத்தில் ஓர் ஆர்க் விளக்கை எரித்துக் காட்டினார்கள். ஏற்றியவர் அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் அயர்ட்டன் என்ற இங்கிலாந்துக்காரர். ஜப்பானுக்குப் போவதற்குமுன் இந்தியத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர் இவர். அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் ஃபுஜியோக்கா இச்சிசுகே. 1884-ல் அமெரிக்கா போய் எடிசனைப் பார்த்துவிட்டு வந்தார். மின்சாரத்தைச் சொந்தமாக உண்டாக்குவதோடு அதற்கான சாமான்களையும் சொந்தமாகச் செய்யாவிட்டால் நாடு உருப்படாது என்பது அவருடைய பிடிவாதம். பின்னாளில் தோஷிபா ஆன கம்பெனியின் வேர்களில் ஒன்று அவர் தொடங்கிய பல்பு கம்பெனி. எடிசனும் ஜப்பானுக்குக் கடன்பட்டவர்தான். அவருடைய ஆரம்பகால பல்புகளில் எரிந்த இழை கியோட்டோ பக்கத்து மூங்கிலைக் கரியாக்கிச் செய்தது.

டோக்கியோ மின்விளக்குக் கம்பெனி 1886-ல் தொழிலை ஆரம்பித்தது. 1887-ல் நிஹொன்பாஷியில் அவர்களுடைய முதல் மின்நிலையம். எல்லாம் எடிசன் வழி, அதாவது நேர்மின்சாரம், டிசி. எடிசனின் பல்புகள் 100, 110 வோல்ட் அளவில் எரிந்தவை. அதற்கு மேல் போனால் அந்தக் காலத்துக் கரி இழை தாங்காது. ஆக, 100 என்பது மூங்கில் இழையின் சக்திக்கு ஏற்ப வந்த எண்.

பிறகு நல்ல இழைகள் வந்தபோது ஊர்கள் வோல்டேஜை ஏற்றிக்கொண்டன. வோல்டேஜ் இரட்டித்தால் அதே சுமைக்குக் கரண்ட் பாதியாகும், செப்புக் கம்பி மிச்சம். 1899-ல் பெர்லின் மின்சாரக் கம்பெனி 220 வோல்ட்டுக்குத் தாவியது. அதைத்தான் ஐரோப்பா பின்பற்றியது, நாமும் 230-க்கு வந்து சேர்ந்தோம். அமெரிக்கா கொஞ்சம் கொஞ்சமாக 120-க்கு ஏறியது. ஜப்பான் மட்டும் 100-லேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வீடு பல்பு மாட்டியாகிவிட்டது, யார் போய் மாற்றுவது? பாயின் முதல் கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

இரண்டாவது கேள்வியில்தான் கதை இருக்கிறது.

டோக்கியோ டிசியில் நிற்க, ஒசாக்காவில் வேறொருவர் வந்தார். இவாதரே குனிஹிகோ. அமெரிக்காவில் எடிசனின் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். ஊர் திரும்பி ஒசாக்கா மின்விளக்குக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஆனதும், எடிசன் எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த ஏசியைத் தேர்ந்தெடுத்தார். எடிசனின் போட்டிக் கம்பெனியிடமிருந்து மெஷின் வாங்கி, 1889-ல் ஒசாக்காவுக்கு மாறுமின்சாரம் கொடுத்தார். முதலாளி வீட்டில் சாப்பிட்டுவிட்டு எதிர்வீட்டில் பெண் எடுத்த கதை. ஆனால் மனுஷர் சரியாகக் கணித்திருக்கிறார். டிசியைத் தூரத்துக்கு அனுப்ப முடியாது, ஏசியை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஏற்றி இறக்கி எங்கும் அனுப்பலாம். (இந்த இவாதரேதான் 1899-ல் என்இசி கம்பெனியைத் தொடங்கியவர்.)

சில வருடங்களில் டோக்கியோவுக்கும் இது புரிந்தது. அசகுசாவில் பெரிய ஏசி மின்நிலையம் கட்டத் தீர்மானித்து, 1895-ல் ஜெர்மனியின் ஏஇஜி கம்பெனி ஜெனரேட்டர்களை வாங்கினார்கள். ஜெர்மன்காரர்களின் கணக்கு 50. விநாடிக்கு ஐம்பது தடவை மின்னோட்டம் முன்னும் பின்னும் போய்வரும். ஒசாக்காவும் ஏறக்குறைய அதே சமயத்தில் தன் நிலையத்தைப் பெரிதாக்கியது. அவர்கள் வாங்கியது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். அங்கே கணக்கு 60.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு ஊரில் இரண்டு கம்பெனி, இரண்டு ஆர்டர். போரும் இல்லை, சட்டமும் இல்லை, சண்டைகூட இல்லை. அன்றைக்கு டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் நடுவில் மின்கம்பி போடும் யோசனை யாருக்கும் இருந்திருக்க நியாயமில்லை. நடுவில் ஐந்நூறு கிலோமீட்டர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் டெண்டர் கமிட்டிகளில் உட்கார்ந்தவன். முன்னால் இருக்கிற மேஜையில் விலையையும் சப்ளை தேதியையும் பார்ப்போமே தவிர, நூறு வருடம் கழித்து இது எங்கே போய் முட்டும் என்று பார்த்ததாக ஞாபகம் இல்லை.

டோக்கியோவைச் சுற்றியிருந்த ஊர்கள் டோக்கியோவைப் பார்த்து 50 வாங்கின, ஒசாக்காவைச் சுற்றியவை 60 வாங்கின. இரண்டும் பரந்து பரந்து நடுவில் வந்து முட்டின. பசிபிக் பக்கம் ஷிசுவோக்கா மாநிலத்தின் ஃபுஜி ஆறு, ஜப்பான் கடல் பக்கம் இத்தோயிகாவா ஊர். ஏறத்தாழ இந்தக் கோட்டுக்குக் கிழக்கே 50, மேற்கே 60. க்யூஷூ தீவில் இரண்டும் கலந்து கிடந்தன. போருக்குப் பின் அங்கே மட்டும் பாடுபட்டு 60-ஆக்கினார்கள். நாடு முழுவதும் ஒன்றாக்கும் யோசனையும் எழுந்தது, நிற்கவில்லை.

ஏன் என்று கேட்டால் இந்த 50-ம் 60-ம் என்ன செய்யும் என்று சொல்லவேண்டும். மின்நிலையத்தில் சுற்றும் டர்பைனின் வேகமே இதை வைத்துத்தான். ஒரு ஜோடி துருவம் கொண்ட ஜெனரேட்டர் 50-க்கு நிமிடத்துக்கு 3,000 சுற்று, 60-க்கு 3,600 சுற்று. வீட்டில் சுற்றும் சாதாரண மோட்டாரும் அப்படியே, ஊரின் எண்ணுக்குத் தகுந்தபடிதான் சுற்றும். இரண்டு வலைப்பின்னலையும் நேரடியாகச் சேர்த்துக் கட்டவும் முடியாது. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இருவருக்கும் ஒரே தாளம் இருந்தால் வேலை பாதி. ஒருத்தி ஐம்பது போட்டு மற்றவள் அறுபது போட்டால் உலக்கைகள் மோதி கை முறியும். மாற்றுவதென்றால் பாதி நாட்டின் ஜெனரேட்டர்கள், தொழிற்சாலை மோட்டார்கள், வீட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். ஒவ்வொரு வருடம் தள்ளிப் போடும்போதும் மெஷின்களின் எண்ணிக்கை கூடியது, மாற்றும் செலவும் கூடியது.

ஆகவே மாற்றவில்லை, ஒப்பேற்றினார்கள். பழைய ஜப்பானியக் கிராமபோன்களில் தட்டு சுற்றும் புல்லி 50-க்கு ஒன்று, 60-க்கு ஒன்று. டோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்கு மாற்றலாகிப் போகிறவன் பாட்டு கேட்கவேண்டுமென்றால் புல்லியை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் பாடகர் அவசரமாகப் பாடுவார். 1964-ல் ஷின்கான்சென் ரயில் விட்டபோது, டோக்கியோவிலிருந்து புறப்படும் வண்டி ஃபுஜி ஆற்றுப் பக்கம் 50-லிருந்து 60-க்குத் தாண்டவேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிக்கு இந்த வம்பு எதற்கு என்று, வழி முழுவதும் 60 என்று வைத்து, கிழக்குப் பகுதியில் மாற்று நிலையங்கள் போட்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. டோக்கியோ ஸ்டேஷனில் பிளாட்பாரத்து விளக்கு 50-ல் எரிகிறது, அதன் கீழே நிற்கும் வண்டி 60-ல் நிற்கிறது.

மறு வருடமே, 1965-ல், தென்ரியூ ஆற்றங்கரையில் சகுமா என்ற இடத்தில் இரண்டு வலைப்பின்னலுக்கும் நடுவே ஒரு வாசல் திறந்தார்கள். ஒரு பக்கத்து ஏசியை டிசியாக்கி, அந்த டிசியை மறுபக்கத்துத் தாளத்துக்கு ஏற்ற ஏசியாக ஆக்குவது. ஆரம்பத்தில் இதற்குப் பாதரச வால்வுகள். பாதரச ஆவிக்குள் நீல வெளிச்சத்தோடு மின்சாரம் ஓடும் பெரிய கூஜாக்கள் அவை. அளவு 300 மெகாவாட். 1977-ல் ஷின்-ஷினானோ, 2006-ல் ஹிகாஷி-ஷிமிசு என்று இன்னும் இரண்டு வாசல்கள் வந்தன. ஐம்பது வருடம் சேர்த்தும் மொத்தம் 1,200 மெகாவாட்டைத் தாண்டவில்லை. அவசரத்துக்குக் கொஞ்சம் கைமாற்று வாங்க அது போதும் என்று நினைத்திருப்பார்கள்.

2011 மார்ச் 11. அப்போது என் மகள் டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். மதியம் பூகம்பம், பிறகு சுனாமி, பிறகு ஃபுகுஷிமா அணுமின்நிலையம். டிவியில் அந்தக் கறுப்புத் தண்ணீர் வயல்களின் மேல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நானும் என் மனைவியும் போனை அழுத்திக்கொண்டிருந்தோம். இரவு பன்னிரண்டுக்கு மேல்தான் நாலு வரி மெயில் வந்தது. நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன், பயப்படாதீர்கள் என்று.

டோக்கியோ மின்கம்பெனிக்கு ஒரே நாளில் சுமார் 20,000 மெகாவாட் போயிற்று. மார்ச் 14-லிருந்து முறை வைத்து மின்வெட்டு, ஒரு தடவைக்கு மூன்று மணி நேரம் அளவில். குளிர் இன்னும் விடவில்லை. மகள் கோட்டு போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து போன் பேசினாள். “ஒசாக்காவில் கரண்ட் இருக்குப்பா. ஆனா இங்க வர முடியாதாம். ஏன்ப்பா?” என்று கேட்டாள். அன்றைக்கு நான் சொன்ன பதில் தாளம், உலக்கை என்று சுமாராகத்தான் இருந்தது. மேற்கே மின்நிலையங்கள் நன்றாக இருந்தன. கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். ஆனால் 20,000 தேவைப்படும் வீட்டுக்கு வாசல் 1,200-ஐத் தாண்டாத அகலம்தான். அசகுசாவுக்கும் ஒசாக்காவுக்கும் கப்பலில் வந்து இறங்கிய அந்த ஜெனரேட்டர்கள் எப்போதோ பழைய இரும்பாகப் போயிருக்கும். அவற்றின் எண்கள் மட்டும் 116 வருடம் கழித்து என் பெண்ணை இருட்டில் உட்கார வைத்தன.

மறு வருடம் நம் ஊரில் நாங்கள் உட்கார்ந்த இருட்டு வேறு விதம். 2012-ல் திருச்சி ஜில்லாவில் பத்து மணி நேரம், சில நாள் அதற்கும் மேல் மின்வெட்டு. நமக்கு நாடு முழுக்க 50 ஒன்றே எண். இருந்தாலும் தென்னக வலைப்பின்னல் அன்று வடக்கோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை. நடுவில் டிசி வழியாகத்தான் தொடர்பு, அதற்கும் அளவு உண்டு. வடக்கே மிச்சம் இருந்தாலும் வேண்டிய மட்டும் இழுக்க முடியாது. அதே 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கும் கிழக்கும் சேர்ந்து விழுந்து பல கோடிப் பேர் இருட்டில் நின்றார்களே, அப்போது தெற்கு விழவில்லை. சேராமல் இருந்ததால் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வந்தபிறகுதான் நாடு ஒரே வலைப்பின்னல் ஆயிற்று. அன்றைக்கு நான் ரிடையர் ஆகியிருந்தேன். இருந்தாலும் பழைய சிநேகிதர்கள் நாலு பேருக்குப் போன் போட்டுப் பேசினேன்.

மகளின் ஆபீஸ் அந்த ஏப்ரலில் பாதிப் பேரை ஒசாக்காவுக்கு அனுப்பியது. மூன்று மாதம் என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். சைதாமாவில் மலிவு விலைக்கு வாங்கிய மைக்ரோவேவ் அடுப்பை யாருக்கோ கொடுத்துவிட்டுத்தான் போனாள். அதன் தகட்டில் 50 மட்டும் போட்டிருந்தது. மேற்கே செல்லாது.

ஒசாக்காவில்தான் காப்பி பிடித்துக்கொண்டது அவளுக்கு. நம் வீட்டுப் பெண்ணுக்குக் காப்பி புதிதா என்பீர்கள். அது வேறு காப்பி. ஜப்பானியர் காப்பியைப் பெரிய அளவில் குடிக்க ஆரம்பித்ததன் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது. 1908-ல் கோபே துறைமுகத்திலிருந்து கசாத்தோ மாரு என்ற கப்பல் 781 பேரை ஏற்றிக்கொண்டு பிரேசிலின் காப்பித் தோட்டங்களுக்குப் போனது. நம் ஜனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் போனதைப் போலத்தான். அந்தக் குடியேற்றத்தை ஏற்பாடு செய்த மிசுனோ ரியோவுக்கு சாவோ பாவ்லோ அரசாங்கம் இனாமாகக் காப்பிக்கொட்டை கொடுத்தது. அதை வைத்து அவர் தொடங்கிய கஃபே பவுலிஸ்டாவில் சாதாரண ஜனங்களும் காப்பி குடிக்கப் பழகினார்கள். போர்க் காலத்தில் இறக்குமதி நின்றது, 1950-ல் மறுபடி ஆரம்பம், 1960-ல் கொட்டை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு தளர்ந்தது. அதன்பிறகு தெருவுக்குத் தெரு கிஸ்ஸாத்தென் என்ற காப்பிக் கடைகள். 1981-ல் நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தன. அந்தக் கடைகளில் ஒவ்வொரு கோப்பைக்கும் அப்போதுதான் கொட்டையை அரைத்து, துணியிலோ காகிதத்திலோ நிதானமாகத் தண்ணீர் ஊற்றி இறக்குவார்கள். அதற்காகச் செய்த கடை மெஷின்களைச் சின்னதாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் என் மகள் வாங்கிய ரகம். வாங்குகிறவன் ஃபுஜி ஆற்றுக்கு எந்தப் பக்கம் இருப்பான் என்று செய்கிறவனுக்குத் தெரியாது. அதனால்தான் தகட்டில் 50/60 என்று இரண்டையும் போட்டு, இரண்டுக்கும் தாங்கும்படி மோட்டாரைச் செய்கிறான்.

இதையெல்லாம் பாயிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு மிக்ஸி காயிலைக் கட்டி முடித்துவிட்டு, “அப்ப அவங்களும் மெஷினை மாத்தல, நடுவுல பெட்டி வெச்சுட்டாங்க. நீங்களும் பெட்டிதான் கேப்பீங்க” என்றார்.

பெட்டிதான் கேட்டேன். காயிலை அவிழ்த்தால் மகள் கொண்டுவந்த மெஷின் வேறு மெஷின் ஆகிவிடும், அவள் மனதில் என்ன நினைப்பாள் என்ற ஒரு யோசனையும் இருந்தது. இதே மாதிரி சாமான் யாராவது வாங்கி வைத்திருந்தால் உதவும் என்பதால் விவரம் சொல்கிறேன். கடையில் தயாராகக் கிடைப்பவை பெரும்பாலும் 110 வோல்ட் கொடுப்பவை. 100 வோல்ட் சாமானுக்கு அது பத்து சதவீதம் அதிகம். நம் வீட்டு வோல்டேஜ் ராத்திரியில் 240, 245 என்று ஏறும்போது அது 115-ஐத் தாண்டும். ஆகவே 230-க்கு 100 என்று தனியாகக் கட்டச் சொன்னேன். மோட்டார் 130 வாட்தான், ஆனால் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், அதனால் பெட்டி 300-க்குக் குறையாமல். ஒரே சுற்றில் நடுவில் கம்பி எடுக்கும் மலிவு ரகம் வேண்டாம், இரண்டு காயிலும் தனித்தனியாக இருக்கட்டும் என்றேன். மலிவு ரகத்தில் ஒரு கம்பி அறுந்தால் முழு 230-ம் மெஷினுக்குள் வந்துவிடும். கடைசியாக எர்த். ஜப்பானிய பிளக்கில் மூன்றாவது கால் இல்லை, பச்சை நிறத்தில் ஒரு கம்பி தனியாகத் தொங்கும். அங்கே சுவரில் அதற்கென்று ஒரு திருகு உண்டாம். இங்கே அது சும்மா தொங்கக்கூடாது. மெஷின் உடம்பு முழுக்க உலோகம், கை ஈரம். பெட்டியின் எர்த்தோடு சேர்த்து முறுக்கினேன். கண்டென்சரை பாய் இங்கேயே கிடைத்ததில் பொருத்தமாகப் பார்த்துப் போட்டார்.

அரவையைப் பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. திருகை நைசுக்கு வைத்தால் ஃபில்டரின் ஓட்டை அடைத்துக்கொண்டு டிகாக்‌ஷன் இறங்கவே இல்லை. மனைவி ஃபில்டர் தலையில் தட்டிக்கொண்டு நின்றாள். கரகரப்புக்கு வைத்தால் தண்ணியாக ஓடிற்று. 2-க்கும் 3-க்கும் நடுவில் ஓர் இடம் அகப்பட்டது, பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சிக்கரியை இதில் போடக்கூடாது, பிசுபிசுவென்று பற்களில் ஒட்டும். தூளாக வாங்கி, நூறு கிராமுக்கு இருபது என்று கடைசியில் கலக்கிறோம். மிக்ஸியில் அரைத்தால் ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் குருணை. இதில் எல்லாம் ஒரே அளவு. வித்தியாசம் தெரிகிறதா என்று மனைவியைக் கேட்டேன். “உங்க பெட்டி மேடையில பாதி இடத்தை அடைச்சுக்கிட்டு உர்ருனு சத்தம் போடறது நல்லாத் தெரியுது” என்றாள். ஆனால் இப்போது கடையில் அரைத்த தூள் வாங்குவதில்லை.

2021-ல் ஹிதா என்ற மலைப்பகுதியில் இன்னொரு வாசல், 900 மெகாவாட், திறந்தார்கள். இப்போது மொத்தம் 2,100. அதை 3,000 ஆக்கும் வேலை நடக்கிறது. தாளத்தை மாற்றும் பேச்சு இல்லை, வாசலைத்தான் அகலப்படுத்துகிறார்கள்.

மெஷின் சரியானதும் மகளுக்கு வீடியோ போட்டு ஓட்டிக் காட்டினேன். புகைந்த கதையை அவள் அம்மா ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கொஞ்சம் கேட்டுவிட்டு, “அப்பா, சத்தம் ஏன் இறங்கியிருக்கு? இங்க வாங்கறப்போ கடையில ஓட்டிக் காட்டினாங்க, இன்னும் கீச்சுனு இருந்துச்சே. இன்னும் ரிப்பேர் இருக்கா?” என்றாள். ரிப்பேர் இல்லை. நான்கு துருவ மோட்டார், ஒசாக்காவின் 60-ல் நிமிடத்துக்கு 1,800-ஐ ஒட்டிச் சுற்றியது, ஸ்ரீரங்கத்தில் 50 என்பதால் 1,500-ஐ ஒட்டிச் சுற்றுகிறது. பெட்டி வோல்டேஜைத்தான் மாற்றும், தாளத்தை மாற்றாது. “அப்ப சைதாமாவுல இருந்தப்போ வாங்கியிருந்தா இதே சத்தம்தான் இருந்திருக்கும், இல்ல?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒசாக்காவைவிட இங்கே இரண்டு பேர் காப்பிக்கு நாலைந்து விநாடி கூடப் பிடிக்கிறது.